கனடாவா, டுபாயா, அமெரிக்காவா: முதல் பலெற் எங்கே போக வேண்டும்?

2024 பெப்ரவரி 11 (கேள்வி)

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் சிறிய அளவில் சிவப்பரிசி மாவும் கறித்தூளும் செய்கிறேன். மாதம் ஒரு தொன் வராது. ரொறன்ரோவில் இருக்கும் மாமா "ஒரு பலெற் அனுப்பு, நான் வித்துத் தாறன்" என்கிறார். பலெற் என்றால் ஒரு மரத்தட்டு நிறைய அடுக்கிக் கட்டிய சரக்கு. கொழும்பில் ஒரு கருத்தரங்கில் டுபாயைப் பிடி என்றார்கள். இணையத்தில் புள்ளிவிவரம் பார்த்தால் அமெரிக்கா மேலே நிற்கிறது. நம் ஆட்கள் அதிகம் உள்ள நாடுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பிழையா அக்கா?

2024 பெப்ரவரி 11, இரவு

பிழை என்று சொல்ல மாட்டேன் தம்பி, நானும் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் மில் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில். 2018இல் முதல் பலெற் லண்டனுக்குப் போனது, பெரியம்மாவின் மகன் வைத்திருக்கும் கடைக்கு. முதல் மாதம் நன்றாகத்தான் போனது. ஊரில் இருந்து வந்த மா என்று சொந்தக்காரர், கோயிலுக்கு வருபவர்கள், பழைய பள்ளிக்கூடத் தோழிகள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு பக்கெற் வாங்கினார்கள். அதற்குப் பிறகு அசையவில்லை. அவர்கள் வாங்கியது எங்கள்மேல் உள்ள பாசத்தில். புட்டுக்கு மா வேண்டுமென்றால் வழக்கமாக எடுக்கும் பக்கெற்றையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: அவரிடம் உணவு இறக்குமதி உரிமம் இருக்கிறதா? கனடாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, இறக்குமதி செய்பவருக்கு உரிமம் வேண்டும். லேபல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும், சத்து அட்டவணை அவர்கள் சொல்லும் வடிவில் வேண்டும். இதெல்லாம் உள்ள ஆளோடு மாமா சேர்ந்தால் சரி. இல்லையென்றால் மா அவருடைய கராஜில்தான் கிடக்கும்.

2024 பெப்ரவரி 12

நேற்று பாதிதான் எழுதினேன். லண்டன் பலெற் நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை விட்டுவிட்டுச் சொல்வது நேர்மை இல்லை.

மூன்றாம் மாதம் லண்டன் கடைக்கார அண்ணா ஒரு வீடியோ அனுப்பினார். கடையின் பின்னறையில் ட்யூப் லைற்றுக்குக் கீழே பக்கெற்றைப் பிடித்துக்கொண்டு, நகத்தால் மெல்லத் தட்டுகிறார். மா உதிர வேண்டிய இடத்தில் உதிரவில்லை. சீல் வைத்த விளிம்பை ஒட்டி மெல்லிய நூல் பின்னி, மா அதில் தொங்குகிறது. மூலையில் ஒரு சின்ன வண்டு ஏறுகிறது, விழுகிறது, மறுபடி ஏறுகிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

யோசித்துப் பார்த்துத்தான் காரணம் பிடிபட்டது. வறுத்த மாவைச் சூடு முழுக்க ஆறுமுன் கட்டியிருக்கிறோம். லொறி இரவு ஏழு மணிக்கு வரும் என்ற அவசரம். உள்ளே இருந்த ஆவி விளிம்பில் வியர்த்து ஈரமாகிவிட்டது. அரிதட்டின் சட்டத்து இடுக்கில் பழைய மா தங்கியிருந்ததையும் அப்புறம்தான் பார்த்தோம், வண்டு அங்கிருந்து வந்ததுதான். உள்ளூர்க் கடைகளில் இந்தப் பிழை தெரியவே இல்லை. களுவாஞ்சிகுடிச் சந்தையில் பத்து நாளில் பக்கெற் முடிந்துவிடும். லண்டனுக்குக் கப்பல், களஞ்சியம், கடை என்று மூன்று மாதம்.

இப்போது அதுவும் கூடியிருக்கிறது. செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, ஐரோப்பா போகும் கப்பல்கள் பல ஆபிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போகின்றன. பத்துப் பதினான்கு நாள் மேலதிகம். எந்த நாடு என்று கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இன்றைக்குக் கட்டிய பக்கெற்றில் பத்தை எடுத்து, உங்கள் வீட்டுச் சீற்றுக் கூரைக்குக் கீழே வைத்துவிடுங்கள். மாதத்துக்கு இரண்டு பக்கெற்றாகத் திறந்து பாருங்கள். எத்தனையாவது மாதத்தில் மணம் மாறுகிறதோ, உங்கள் மா போகக்கூடிய தூரம் அதுவரைதான்.

2024 பெப்ரவரி 14

"விலை எப்படிப் போடுவது" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நான் வெகுகாலம் பிழையாகப் போட்டேன்: அரிசி, கூலி, பக்கெற், லாபம் என்று கீழே இருந்து மேலே. அந்த நாட்டுக் கடைத் தட்டில் இருந்து கீழே இறங்கி வர வேண்டும்.

பரிஸில் நம் ஆட்களின் கடைகள் உள்ள லா ஷப்பல் பக்கம் ஒரு கிலோ சிவப்பரிசி மா 3.50 யூரோவுக்கு விற்க வேண்டும் என்று வைத்துப் பார்ப்போம். உணவுக்கு அங்கே 5.5 வீதம் வற் வரி, அது போனால் 3.32. கடைக்காரர் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட எடுப்பார், 2.32. இறக்குமதியாளர் தன் பங்கு எடுத்தால் 1.67. கப்பல், காப்புறுதி, அங்கே சுங்கத்தில் எடுப்பது, களஞ்சியம் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 35 யூரோ சதம் என்று வையுங்கள். கொழும்புக்கு லொறி, ஆய்வுகூடப் பரிசோதனை, பத்திரங்களுக்கு 20 சதம். மில் வாசலில் மிஞ்சுவது 1.12 யூரோ. யூரோ 335 ரூபாய் என்றால் 375 ரூபாய்.

வறுக்கும்போதும் அரிக்கும்போதும் கழிவு போகும், ஒரு கிலோ மாவுக்கு 1.15 கிலோ அரிசி வேண்டும். கிலோ 220 என்றாலும் 253 ரூபாய். பக்கெற், லேபல், பெட்டிக்கு 55. மிச்சம் 67 ரூபாயில் விறகு, கரண்ட், நான்கு பெண்களின் கூலி, கடன் வட்டி. இதையெல்லாம் பார்க்காமல் நான் 2018இல் "பவுண்டில் விற்கிறோம்" என்று சந்தோஷப்பட்டேன்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். கடைத் தட்டு விலையை மாமாவிடம் வாயால் கேட்காதீர்கள். தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 20

அமெரிக்கா மேலே நிற்கிறது என்றீர்கள். எந்தக் குறியீட்டில் பார்த்தீர்கள்? ஜெனீவாவில் உள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் புள்ளிவிவரத் தளமான ட்ரேட் மேப் என்றால், அரிசி மா 1102.90 என்ற எச்.எஸ். குறியீட்டுக்குள் (சுங்கம் பொருட்களை வகை பிரிக்கும் எண்) வரும். அதற்குள் அரிசி மா மட்டும் இல்லை. கோதுமையும் சோளமும் போக மிச்சத் தானிய மா எல்லாம் அங்கேதான். அந்தத் தொகையில் புட்டுக்குப் போவது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நாடு நிறைய வாங்குகிறது என்பதால் உங்களிடம் வாங்கும் என்று ஆகாது. பெரிய சந்தையில் பெரிய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் புள்ளிவிவரம் வேண்டாம்.

2024 பெப்ரவரி 23

மேலே "வேண்டாம்" என்று எழுதியது அவசரம். மகள் பல்கலைக்கழகத்தில் இருந்து விடுமுறைக்கு வந்தபோது, "அம்மா, நீங்க பாக்கிற நிரல்தான் பிழை" என்றாள். மொத்தத் தொகையைப் பார்க்காமல், பெறுமதியை எடையால் வகுக்கச் சொன்னாள். அப்போது ஒவ்வொரு நாடும் கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிகிறது. எந்த நாட்டில் இருந்து வாங்குகிறது, அந்தப் பங்கு ஐந்து வருடத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் தெரிகிறது. மலிவாகத் தொன் கணக்கில் வாங்கும் நாட்டை அடித்துவிடலாம். குறைவாக வாங்கி, கிலோவுக்குக் கூடக் கொடுக்கும் நாட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கலாம். நாங்கள் ஒரு பின்னேரம் இருந்து பார்த்து, இருபது நாட்டை ஆறாக்கினோம். அவ்வளவுக்கு அது உதவும்.

2024 மார்ச் 9

டுபாய் பற்றி. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் வளைகுடாவுக்குப் பலகாரமும் தூளும் அனுப்புகிறார்கள். அவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அங்கே அரபு எழுத்து இல்லாத லேபல் கடைக்குப் போகாது. உற்பத்தித் திகதியும் முடிவுத் திகதியும் இரண்டும் வேண்டும், பக்கெற்றிலேயே அச்சாக வேண்டும். ஹலால் சான்றிதழையும் வாங்குபவர் கேட்பார். இவை ஒன்றும் பெரிய தடை இல்லை. பெரிய தடை விலை. கேரளத்துப் புட்டு மா அங்கே மலைபோல் குவிந்து கிடக்கிறது. அந்த விலைக்கு நம் சிவப்பரிசியை இறக்கவே முடியாது. கேரளத்தாரோடு போட்டியில் நிற்க முடிந்தது நம் ஆட்களின் கைப்பக்குவம் தெரியும் பொருட்களால்தான், வெறும் மாவால் அல்ல.

2024 ஏப்ரல் 27

இந்த மாதம் ஹொங்கொங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாப் பொருட்களைத் திருப்பி எடுக்கச் சொன்ன செய்தியைப் பார்த்திருப்பீர்கள். காரணம் எதிலீன் ஒக்சைட் என்ற வாயுவின் எச்சம். கிருமி கொல்ல மசாலாவுக்கு அதை அடிப்பது உண்டு. சில நாடுகள் ஒரு அளவுவரை விடுகின்றன, ஐரோப்பா அதை அனுமதிப்பதில்லை. அத்தனை பெரிய நிறுவனங்களுக்கே இப்படி.

இதைப் படித்த பிறகுதான் என் பழைய குறிப்புகளில் ஒரு பெரிய குறை தெரிந்தது. மாவையும் தூளையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டுக்கும் சந்தை வேறு. தூள் என்றால் முதலில் செத்தல் மிளகாய். ஐரோப்பாவில் மிளகாய்க்கு அஃப்லாடொக்சின் பீ1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா அஃப்லாடொக்சினும் சேர்த்து 10, அதற்கு மேல் போனால் பொதி நிற்கும். அது பூஞ்சணத்தில் இருந்து வரும் நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. மிளகாயை யார் காயவைத்தார், மழை தொட்டதா, எந்தச் சாக்கில் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்லத் தெரிந்தால் ஐரோப்பாவை நினைக்கலாம். நான் சந்தையில் மூட்டையாக வாங்குகிறேன். எனக்குத் தெரியாது. ஆகவே தூளை நான் ஐரோப்பாவுக்கு அனுப்புவதில்லை.

மாவுக்கும் ஒரு விடயம் உண்டு. ஐரோப்பாவில், தனி வரம்பு சொல்லாத பூச்சிமருந்து எச்சம் எதற்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அரிசியில் ஆர்செனிக்குக்கும் 2016 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு நெல் தரும் வட்டை, அதாவது வயல்வெளி, உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது தம்பி, அது பெரிய பலம். பெரும்போகத்தில் என்ன அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்று வயல்காரரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான் களுவாஞ்சிகுடியில் இருந்து வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரைக்குத் தோணி ஏறிப் போய்த்தான் அதை எழுதினேன்.

2024 மே 18

மருதமுனையில் இருந்து ஒரு நானா கேட்டிருக்கிறார், கைத்தறிச் சாறனும் மேசை விரிப்பும் ஐரோப்பாவுக்குப் போகுமா என்று. நெசவு என் தொழில் அல்ல, ஆனால் அவருக்காக விசாரித்தேன்.

நானா, ஐரோப்பிய ஒன்றியம் நமக்குத் தரும் ஜீஎஸ்பி பிளஸ் என்ற வரிச் சலுகை 2010இல் போய் 2017 மே மாதம் திரும்பி வந்தது. ஆடைக்கு அந்தச் சலுகை கிடைக்க இரண்டு வேலை இங்கே நடக்க வேண்டும். நூல் இந்தியாவில் இருந்து வந்தாலும் பரவாயில்லை, நெய்வதும் தைப்பதும் இங்கே என்றால் சரி. துணியை வெளியே வாங்கி இங்கே தைத்தால் மட்டும் போதாது. நீங்கள் தறியிலேயே நெய்கிறீர்கள், அந்த இடத்தில் பெரிய தொழிற்சாலைகள் சிலவற்றைவிட உங்கள் கை மேலே. பொதி 6,000 யூரோவுக்கு உட்பட்டதென்றால் ஏற்றுமதியாளர் பதிவு இல்லாமலேயே, விலைப்பட்டியலில் மூலக் கூற்றை, அதாவது இது இலங்கையில் செய்தது என்பதை, நீங்களே எழுதலாம். ஆனால் சாயம் எந்தச் சாயம் என்று கேட்பார்கள். சில அசோ சாயங்கள் உடம்பில் படும் துணியில் அங்கே தடை. தடைச் சாயம் இல்லை என்று சாயக் கடைக்காரரிடம் தாள் கேட்டு வாங்குங்கள். தாள் தராத கடையை விடுங்கள்.

சுவிஸில் மருமகன் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இல்லை. ஜீஎஸ்பி பிளஸ் அங்கே செல்லாது, தனக்கென்று வேறு சலுகைத் திட்டம் வைத்திருக்கிறது. பிரித்தானியாவும் 2023 ஜூன் முதல் தன் திட்டத்தைத் தனியாக நடத்துகிறது. மூன்றையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

2024 மே 19

கருவாடு கேட்டவருக்கு: ஐரோப்பாவுக்கு மீன் அனுப்ப, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில்தான் பதப்படுத்த வேண்டும். வீட்டு முற்றத்துக் கருவாடு போகாது. 2015 ஜனவரியில் இலங்கை மீனையே ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி, 2016இல்தான் திரும்ப விட்டது. தயிரும் நெய்யும்கூட வீட்டில் செய்தது போகாது.

2024 ஜூலை 21

பெப்ரவரியில் நான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். எல்லாம் "போகாதே, போகாதே" என்று இருக்கிறது. தம்பி மனம் விட்டிருப்பார். எனக்கு இப்போது எங்கே போகிறது என்று சொல்லவில்லையே.

மாலைதீவு. நான் தேடிப் போனதில்லை. மட்டக்களப்பில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்த பையன் மாலைதீவு ரிசோட் ஒன்றுக்குப் போனான். அங்கே விருந்தாளிக்கு ஒரு சமையல், வேலையாட்களுக்கு ஒரு சமையல். வேலையாட்களில் நம் நாட்டார் நிறையப் பேர். காலையில் இடியப்பம் இல்லை என்று ஒரு முணுமுணுப்பு. அவன் விடுமுறை முடிந்து போகும்போது ஐந்து கிலோ கொண்டுபோனான். இரண்டு மாதத்தில் அந்தச் சமையலறைக்குச் சாமான் கொடுக்கும், தலைநகர் மாலேயில் உள்ள வியாபாரி என்னை வாட்ஸப்பில் கேட்டார்.

அங்கே கடைத் தட்டும் இல்லை, பளபளக்கும் பக்கெற்றும் இல்லை. பத்துக் கிலோப் பை, உள்ளே தடித்த பொலித்தீன், வெளியே ஆங்கிலத்தில் லேபல். கொழும்பில் இருந்து கப்பல் சில நாளில் போய்விடும், வண்டு பிடிக்க நேரமே இல்லை. ஒரு சமையலறை ஒரு மாதத்தில் எவ்வளவு முடிக்கும் என்று முன்கூட்டியே தெரியும். என் பிழை ஏதாவது இருந்தால் பத்தாவது நாளே போன் வரும், மூன்று மாதம் கழித்து வீடியோ வராது. முதல் சந்தைக்கு இதுதான் வேண்டும் என்று இப்போது நம்புகிறேன்: பிழை சீக்கிரம் தெரியவும் வேண்டும், தெரியும்போது அதை நாம் தாங்கவும் வேண்டும்.

அந்த ஆறு நாட்டுப் பட்டியலில் மாலைதீவு இருக்கவில்லை. மொத்தமே சின்ன நாடு, புள்ளிவிவரத்தில் கண்ணில் படாது.

2024 ஜூலை 22

"அப்படியென்றால் நம் ஆட்கள் உள்ள நாடு வேண்டாமா" என்று கேட்கிறீர்கள். வேண்டும். ஆனால் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணாமல், அங்கே யார் திரும்ப வாங்குகிறார் என்று பாருங்கள். லண்டனில் எனக்குக் கிடைக்காத இரண்டாவது ஓடர், மாலேயில் ஐந்தாம் கிழமை வந்தது.

2024 டிசெம்பர் 8

நவம்பர் கடைசி வெள்ளத்தில் நாங்கள் தப்பினோம், அரிசி மூட்டை பதினொன்று நனைந்தது. அம்பாறைப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். தம்பி, நீங்கள் பாதுகாப்பாக இருப்பதாக எழுதியதே போதும்.

மாலேக்குப் போக வேண்டிய பொதி பதினெட்டு நாள் பிந்தியது. வியாபாரிக்கு வெள்ளம் நின்ற ரோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் உடனே பதில் போட்டார், "வீட்டில் எல்லாரும் சுகமா" என்று. கொழும்பில் இருந்து ஒரு மாதத்துக்கு வேறு மா எடுத்துக்கொண்டு, ஜனவரியில் திரும்ப என்னிடம் வருவதாகச் சொன்னார். பெரிய கடைத் தொடர் ஒன்றுக்குக் கொடுத்திருந்தால் அந்த இடம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் கிழக்கில் இருந்து அனுப்புகிறவர், இரண்டு மாதத்துக்கான பொதியை ஐப்பசிக்குள் கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் இறக்கிவிடுவது நல்லது. வாடகை வலிக்கும்.

2025 பெப்ரவரி 16

காசு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். 2022இல் டொலர் 200இல் இருந்து 360க்குப் போனபோது நம் பக்கம் எல்லாரும் ஏற்றுமதி என்றார்கள். நானும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்தேன். ஆறு மாதத்தில் பக்கெற் படலம், லேபல் தாள், டீசல் எல்லாம் அதே வேகத்தில் ஏறி நின்றன. நாணயம் விழுந்ததால் மட்டும் நல்லதாகத் தெரியும் சந்தை அதிக நாள் நிற்காது.

மாலைதீவிலும் குறை இருக்கிறது. அங்கே டொலர் தட்டுப்பாடு. மாலே வியாபாரி நல்லவர், ஆனால் கடந்த வருடம் இருமுறை ஐம்பது நாள் பிந்திக் கட்டினார். இப்போது பாதி முன்பணம், மிச்சம் கப்பல் பத்திரம் கைமாறும்போது. ஒரே நாட்டில் எல்லாவற்றையும் வைக்கப் பயம் வந்துவிட்டது. டென்மார்க்கில் ஒரு சின்ன வியாபாரி சிவப்பரிசி மா மட்டும் கேட்கிறார். இந்த முறை ஆய்வுகூடத் தாள் கையில் வந்த பிறகுதான் பேசுவேன்.

2025 ஆகஸ்ட் 10

அமெரிக்கா என்று தொடங்கிய கேள்விக்கு இந்த வருடம் தானே பதில் சொல்லிவிட்டது. ஏப்ரலில் இலங்கைப் பொருளுக்கு 44 வீத வரி என்றார்கள், ஜூலையில் 30, இந்த மாதம் 20 ஆக்கினார்கள். பார்சலாக அனுப்புகிறவர்கள் கவனியுங்கள்: 800 டொலருக்குக் குறைந்த பொதிக்கு இருந்த வரி விலக்கும் இந்த மாதம் 29ஆம் திகதியோடு போகிறது. அதற்கு மேல், உணவு என்றால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எப்.டி.ஏ.யில் பதிவு, அங்கே ஒரு முகவர், இரட்டைப்படை வருடம் ஒவ்வொன்றிலும் பதிவைப் புதுப்பித்தல். மாதம் ஒரு தொன் செய்பவர் இதற்குள் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளை நினைத்தால் இந்த 20 வீதம் எனக்கு இன்னும் கவலை.

2025 செப்டெம்பர் 21

தம்பி நேற்று மில்லுக்கு வந்திருந்தார். சீற்றுக் கூரைக்குக் கீழே வைத்த பத்துப் பக்கெற்றின் கொப்பியையும் கொண்டுவந்தார். நான்காம் மாதம்வரை சுகம், ஐந்தாம் மாதத்தில் மணம் மாறியிருக்கிறது. மாமாவுக்கு இன்னும் அனுப்பவில்லை. ஜூன் மாதம் என் பொதியோடு சேர்த்து முப்பது பை மாலேக்குப் போட்டிருந்தார். இரண்டாவது ஓடர் வந்துவிட்டது, நாற்பது பை. ஆனால் அவர்கள் புட்டுக்கு என்று தனியாகக் கேட்கிறார்கள், மா கொஞ்சம் பருக்கனாக வேண்டுமாம். என் அரிதட்டும் அவருடைய அரிதட்டும் இரண்டும் இடியப்ப மாவுக்கான சின்னக் கண். சனிக்கிழமை கல்முனைக்குப் போய்ப் பெரிய கண் வலையில் இரண்டு அரிதட்டு அடிக்கக் கொடுக்கப் போகிறோம், சட்டத்தில் இடுக்கு இல்லாமல்.